கென்ட்டில் பழைய செஸ்ட்நட் காடு வாங்கிப் பராமரிக்க: தாள்கள், செலவு, காலக்கணக்கு

லண்டனில் வேலையும் வீடும் ஒருவாறு நிலைப்பட்ட பிறகு, லண்டனுக்குத் தென்கிழக்கே உள்ள கென்ட் பக்கம் நாலைந்து ஏக்கர் காடு வாங்கலாமா என்று யோசிக்கிற நம்மவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். விளம்பரங்களுக்கும் குறைவில்லை. புளூபெல் பூ விரித்த தரை, நடுவில் ஒற்றையடிப் பாதை, கீழே விலை. அந்தப் படத்தில் இருப்பது பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகத் தறித்துப் பயன்படுத்திய வேலைக்காடு. வாங்குகிறவருக்கு அந்த வேலையும் சேர்ந்தே வருகிறது.

செஸ்ட்நட் மரத்தை நிலத்தோடு ஒட்டத் தறித்தால், கரும்பு மறுதாம்பு விடுவதுபோல அடிக்கட்டையிலிருந்து பல தண்டுகள் கிளம்பும். பன்னிரண்டு முதல் இருபது வருடத்துக்குள் அவை வேலிக் கம்புக்கு வேண்டிய தடிப்புக்கு வந்துவிடும். அப்போது மறுபடி தறிக்க வேண்டும். தறிக்காமல் விட்டால் தண்டுகள் பாரம் கூடிச் சாயும். பெருங்காற்றில் அடிக்கட்டை வேரோடு பெயரும். நிழல் மூடினால் அந்தப் புளூபெல்லும் குறைந்துகொண்டே போகும்.

சிக்கல் என்னவென்றால், மரத்துக்கு ஒரு நாட்காட்டி, அலுவலகங்களுக்கு இன்னொரு நாட்காட்டி. தறிக்கிற காலம் குளிர்காலம். அதற்கான தாள் வேலையை முந்தின வசந்தத்திலேயே தொடங்க வேண்டும். இது தெரியாமல் அக்டோபரில் வாளும் கையுமாக நிற்கிறவர்கள் ஒரு வருடத்தை இழக்கிறார்கள். கீழே உள்ள ஒழுங்கு அந்த ஒரு வருடத்தை மிச்சப்படுத்தத்தான். சொல்வது எல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு.

1. முதலில் வேலை நடக்கிற காடுகளைப் போய்ப் பாருங்கள்

கன்டர்பரிக்குப் பக்கத்தில் உள்ள பிளீன் காடுகள் இதற்கு நல்ல பள்ளிக்கூடம். பறவைகள் பாதுகாப்புச் சங்கமான ஆர்எஸ்பிபி பராமரிக்கும் பகுதிக்கு ரஃப் காமன் என்ற ஊர் வழியாகப் போகலாம். சென்ற குளிர்காலம் தறித்த கூறு (ஒரே தடவையில் தறிக்கும் துண்டு), மூன்று வருடக் கூறு, பத்து வருடக் கூறு என்று பல வயதுக் கூறுகளை ஒரே நடையில் பார்த்துவிடலாம். ஹீத் ஃப்ரிட்டிலரி என்ற அரிய வண்ணத்துப்பூச்சி இங்கே புதிதாகத் தறித்து வெயில் விழுகிற இடங்களை நம்பித்தான் வாழ்கிறது. ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் போனால் பார்க்கலாம். பக்கத்து மேற்கு பிளீனில் 2022 ஜூலை முதல் ஐரோப்பியக் காட்டெருமைகளை விட்டிருக்கிறார்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது போதும் காரணம்.

எசெக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்கு அருகே ஹாட்ஃபீல்ட் ஃபாரெஸ்ட் உண்டு. பழைய இடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட்டின் கையில் 1924 முதல் இருக்கிறது. உறுப்பினர் அட்டை இருந்தால் வாகனத் தரிப்புக்குக் காசில்லை. அங்கே தறிக்கிற கூறுகளோடு, மாடு மேயும் வெளிகளையும், மாட்டுக்கு எட்டாத உயரத்தில் கொய்த முதிய மரங்களையும் சேர்த்துப் பார்க்கலாம்.

பார்க்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள்: அடிக்கட்டையை எவ்வளவு தாழ்வாக வெட்டியிருக்கிறார்கள், புதுத் துளிரை மானிடமிருந்து எப்படிக் காத்திருக்கிறார்கள், கட்டைகளை எந்தப் பாதையால் வெளியே எடுத்திருக்கிறார்கள். பின்னால் உங்களுக்குத் தலையிடி தரப்போவதும் இந்த மூன்றுதான்.

தறிப்பு நடப்பதாகப் பலகை போட்டிருந்தால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே வேண்டாம். விழுகிற மரத்தின் உயரத்தைப்போல இரு மடங்கு தூரம் வேலையாட்களுக்கே விலக்கு. வீட்டுக்கு வந்ததும் கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இங்குள்ள உண்ணி லைம் நோயைக் கொண்டுவரக் கூடியது. சப்பாத்துச் சேற்றையும் கழுவிவிடுங்கள். செஸ்ட்நட்டுக்கு வருகிற நோய்கள் சேற்றோடும் பயணம் செய்யும். துளிரில் முடிச்சு உண்டாக்கும் செஸ்ட்நட் முடிச்சுக் குளவியை பிரிட்டனில் முதன்முதலில் கண்டுபிடித்ததும் கென்ட்டில்தான், 2015இல்.

2. வாங்க நினைக்கும் காட்டைக் குளிர்காலத்தில் பாருங்கள்

விற்பனை விளம்பரங்கள் ஏப்ரல், மே மாதங்களில் குவிவதற்குக் காரணம் பூ. நீங்கள் ஜனவரியில், ரெண்டு நாள் மழைக்குப் பிறகு போங்கள். கென்ட்டிலும் சசெக்ஸிலும் பரந்த வீல்ட் பகுதியில் களிமண் அதிகம். முழங்கால் வரை புதைகிற இடம் எது, தண்ணீர் தேங்கும் பள்ளம் எது, எல்லைக் கம்பு எங்கே என்பதெல்லாம் இலையில்லாத காலத்தில்தான் தெரியும்.

தண்டுகளின் தடிப்பையும் அளந்து பாருங்கள். நிலத்திலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் பெரும்பாலானவை 15 செ.மீ.க்குக் கீழ் என்றால் உங்கள் தாள் வேலை பாதி குறையும். 25, 30 செ.மீ. என்று கண்டால் அது பல வருடம் தறிக்காமல் விட்ட காடு. விலை குறைத்துக் கேட்கலாம், ஆனால் வேலை இரட்டிப்பு. ஏன் என்று ஆறாவது படியில் வருகிறது.

ஆஷ் மரங்கள் எத்தனை, எங்கே நிற்கின்றன என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 2012இல் கண்டறியப்பட்ட ஆஷ் நோய் இப்போது எல்லா இடத்திலும் உண்டு. நோய்ப்பட்ட ஆஷ் மொறுமொறுத்துப் போய், சொல்லாமல் கொள்ளாமல் கிளையை முறித்துப் போடும். தெருவோரத்திலோ பொதுப் பாதையோரத்திலோ அப்படி இருபது மரம் நின்றால், அவற்றை இறக்குகிற கூலியை விலையில் கழித்துப் பேசுங்கள்.

3. சட்டத்தரணியிடம் போகுமுன் நீங்களே பார்க்க வேண்டிய தாள்கள்

உறுதிப் பதிவும் வரைபடமும்: அரசாங்கக் காணிப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் இணையத்தளத்தில் ஒவ்வொன்றுக்கும் 7 பவுண்ட். இதே தாளை அரசாங்கத் தளம்போலத் தோற்றம் காட்டி மூன்று நான்கு மடங்குக்கு விற்கிற இடைத்தரகுத் தளங்கள் தேடலில் முதலில் வரும். முகவரியைப் பார்த்து உள்ளே போங்கள்.

உறுதியில் முதலில் தேட வேண்டியது பாதை உரிமை. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பொறி. தெருவிலிருந்து உங்கள் காடு வரை பிறத்தியார் காணியூடாகப் போக வேண்டியிருந்தால், அந்த உரிமை நடந்துபோவதற்கு மட்டுமா, வாகனத்துக்குமா, கட்டை ஏற்றும் லொறிக்குமா என்று எழுத்தில் இருக்க வேண்டும். "நல்ல பாதை வசதி உண்டு" என்று விளம்பரத்தில் போட்ட ஒரு முகவரிடம் நான் அந்த எழுத்தைக் கேட்டபோது, "எல்லாரும் போய்வருகிறார்கள்தானே" என்றார். எல்லாரும் போய்வருவது உரிமையாகாது. பக்கத்துக் காணி கைமாறிய அன்றைக்கே படலை பூட்டப்படலாம். பாதையைத் திருத்துகிற செலவை யார், எந்தப் பங்கில் கொடுப்பது என்பதும் அதே உறுதியில் இருக்க வேண்டும்.

அடுத்தது வேட்டை உரிமை. பல காடுகளில் பழைய உரிமையாளர் அதைத் தன்னோடு வைத்துக்கொண்டு நிலத்தை மட்டும் விற்பார். அப்படியானால் நீங்கள் பிள்ளைகளோடு நிற்கிற சனிக்கிழமை காலையில் துவக்கோடு ஆட்கள் வரலாம், அதுவும் சட்டப்படி. நான் என்றால் அப்படிப்பட்ட காட்டை விட்டுவிடுவேன்.

பெரிய காட்டைக் கூறுபோட்டு விற்பவர்கள் நிபந்தனைகளும் சேர்ப்பார்கள்: மோட்டார் சைக்கிள் ஓட்டம் கூடாது, வேலி உயரம் இவ்வளவு, வியாபாரம் கூடாது என்று. இவை தலைமுறைக்கும் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொன்றையும் வாசியுங்கள்.

பிறகு காசில்லாமல் பார்க்கக்கூடியவை. மேஜிக் என்ற அரசாங்க வரைபடத் தளத்தில் அது தொல்காடா என்று பாருங்கள். 1600ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து காடாக இருந்தால் தொல்காடு. எதையும் கட்ட அனுமதி கிடைப்பது மிக அரிது. விசேட அறிவியல் முக்கியத்துவப் பகுதியா என்றும் அதிலேயே தெரியும். அப்படியானால் பல வேலைகளுக்கு அரசாங்க இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்தின் சம்மதம் வேண்டும். மரப் பாதுகாப்பு ஆணை இருக்கிறதா என்று உள்ளூர்க் கவுன்சிலிடம் கேளுங்கள். பொதுப் பாதைகளுக்கு கென்ட் கவுன்டி கவுன்சிலின் உறுதிப்படுத்திய வரைபடம் இருக்கிறது. கடைசியாக, முந்தின உரிமையாளர் பெயரில் இன்னும் முடிவடையாத தறிப்பு லைசென்ஸோ மறுநடுகைக் கட்டளையோ இருக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். அவர் தறித்து விற்றுவிட்டுப் போன இடத்தில் கன்று நடுகிற கடமை உங்கள் தலையில் விழக்கூடும்.

4. காசுக் கணக்கு

தென்கிழக்கில் சிறிய காடுகளுக்கு ஏக்கருக்குப் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் கேட்பது சாதாரணம். துண்டு சிறிதாகச் சிறிதாக ஏக்கர் விலை ஏறும். வழமையான வீட்டு மோர்கேஜ் இதற்குக் கிடைக்காது, கைக்காசுதான். முத்திரை வரி குடியிருப்பல்லாத காணிக்கான வீதத்தில், 150,000 பவுண்ட் வரை ஒன்றுமில்லை. ஆனால் விலை 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால், வரி பூச்சியமானாலும் 14 நாளுக்குள் படிவம் போட வேண்டும். சட்டத்தரணி போடுவார்தான், இருந்தாலும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

சட்டத்தரணிக்கும் தேடல்களுக்கும் ஆயிரத்தைந்நூறு பவுண்ட் அளவில் ஒதுக்கி வையுங்கள். காட்டுக் காணி செய்து பழகியவரைப் பிடியுங்கள். வீட்டு உறுதி மட்டும் எழுதுகிறவர் வேட்டை உரிமையைத் தாண்டிப் போய்விடுவார்.

நம்மவர்களுக்கு இழுத்தடிப்பு வருகிற இடம் காசின் மூலம். சட்டத்தரணி ஆறு மாத வங்கிக் கணக்கு கேட்பார். தங்கச்சி தந்தது, சீட்டு எடுத்தது, ஊரில் காணி விற்றது என்று கணக்கில் விழுந்த ஒவ்வொரு பெரிய தொகைக்கும் தாள் கேட்பார். தந்தவர் பரிசாகத் தந்தாரா, பங்காகவா என்று அவர் கையெழுத்தோடு கடிதம், அவருடைய அடையாள அட்டை, அவருடைய வங்கிக் கணக்கு. சீட்டுக் காசுக்கு இதைக் காட்டுவது பெரும்பாடு. வாங்க முடிவெடுத்தால் ஒரு வருடம் முன்னதாகவே காசை ஒரே கணக்கில் சேர்த்து வையுங்கள்.

சேர்ந்து வாங்குகிறீர்கள் என்றால் உறுதியில் நான்கு பேருக்கு மேல் உரிமையாளராகப் பதிய முடியாது. ஐந்தாவது ஆளின் பங்கை நம்பிக்கைப் பத்திரமாகத் தனியே எழுத வேண்டும். மச்சான்தானே என்று விட்டுவிடாதீர்கள்; பிறகு கதைக்கப் போனால் மனத்தாங்கல்.

மோர்கேஜ் இல்லாததால் இரண்டு மூன்று மாதத்தில் வேலை முடிந்துவிடும், பாதை உரிமையில் சிக்கல் இல்லாவிட்டால்.

5. திறப்பு கைக்கு வந்த முதல் மாதம்

முதல் வேலை பொதுப் பொறுப்புக் காப்புறுதி. உங்கள் கிளை விழுந்து நடந்துபோகிறவருக்குக் காயம் என்றால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். சொல்லாமல் உள்ளே வந்தவருக்குக்கூட ஓரளவு பொறுப்பு உண்டு. சிறிய காட்டுக்காரர் சங்கங்களில் சேர்ந்தால் உறுப்பினருக்கான குறைந்த கட்டணத்தில் எடுக்கலாம்.

இரண்டாவது, தெருவோர மரங்களையும் பாதையோர மரங்களையும் ஒருதரம் சுற்றிப் பார்த்து, தேதியோடு படமெடுத்து, ஒரு கொப்பியில் எழுதி வைப்பது. பின்னால் வழக்கு என்று வந்தால் அந்தக் கொப்பி கைகொடுக்கும்.

மூன்றாவது, பக்கத்துக் காணிக்காரரிடம் போய் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் காட்டைப் பற்றி உறுதியில் இல்லாத பாதி விஷயம் அவருக்குத் தெரியும். பூட்டை மாற்றினால் உரிமையுள்ள எல்லாருக்கும் திறப்பு கொடுங்கள். பொதுப் பாதையை மட்டும் ஒருபோதும் மறிக்க வேண்டாம்.

படலையின் வரைபடக் குறியீட்டு எண், கைபேசி சிக்னல் கிடைக்கிற இடம், அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவு மூன்றையும் எழுதி வாகனத்தில் ஒட்டிவையுங்கள். அம்புலன்ஸுக்குக் காட்டின் முகவரி சொல்ல முடியாது.

6. தறிக்கும் அனுமதி: எது வேண்டும், எது வேண்டாம்

இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் காணி, உங்கள் மரம் என்றாலும் தறிக்க அரசாங்கக் காட்டுத் துறையான ஃபாரெஸ்ட்ரி கமிஷனின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்குக் கட்டணமில்லை. இல்லாமல் தறிப்பது குற்றம். 2023 முதல் அபராதத்துக்கு உச்ச வரம்பும் இல்லை.

விலக்குகள் உண்டு. காலாண்டுக்கு 5 கன மீட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் தறிக்கலாம். அதில் 2 கன மீட்டருக்கு மேல் விற்கக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு காலாண்டு, அப்படியே தொடரும். மிச்சத்தை அடுத்த காலாண்டுக்குக் கொண்டுபோக முடியாது. நெஞ்சுயரத்தில் அரை மீட்டர் தடிப்புள்ள ஒரு ஓக்கிலேயே ஒன்றரை, இரண்டு கன மீட்டர் இருக்கும். ஆக 5 என்பது பெரிய அளவில்லை.

அளவு பார்த்து வருகிற விலக்கும் உண்டு. 1.3 மீட்டர் உயரத்தில் 8 செ.மீ. அல்லது அதற்குக் குறைந்த மரங்கள், ஐதாக்குவதற்கு என்றால் 10 செ.மீ. வரை, மறுதாம்புத் தண்டுகள் என்றால் 15 செ.மீ. வரை. ஒழுங்காகத் தறித்துவந்த பதினான்கு வருட செஸ்ட்நட் பெரும்பாலும் இந்த 15க்குள் அடங்கிவிடும். நாற்பது வருடம் விட்ட செஸ்ட்நட் அடங்காது. முதல் சுற்று தறிப்புக்கு லைசென்ஸ் கட்டாயம்.

ஆனால் கவனம்: இந்த விலக்குகள் லைசென்ஸிலிருந்து மட்டும்தான் விலக்கு. மரப் பாதுகாப்பு ஆணை இருந்தால் ஒரு தண்டுக்கும் கவுன்சிலின் சம்மதம் வேண்டும், அதற்கு எட்டு வாரம் ஒதுக்குங்கள். விசேட அறிவியல் பகுதிக்கும் அப்படியே.

விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். தேவைப்படுவது: உரிமைக்கான சான்று, கூட்டு உரிமை என்றால் மற்றவர்களின் சம்மதம், காட்டைக் கூறுகளாகப் பிரித்து எண்ணிட்ட வரைபடம், ஒவ்வொரு கூறிலும் என்ன இனம், என்ன வயது, எத்தனை கன மீட்டர், எந்த வகைத் தறிப்பு, பிறகு காடு எப்படித் திரும்ப வரும் என்ற விவரம். கடைசிக் கேள்விக்கு "அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு" என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட பதில். விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் வரைபடம்தான் காரணம்: படத்தில் கூறு 2அ என்று இருக்கும், அட்டவணையில் 2 என்று மட்டும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருதரம் சரிபாருங்கள்.

விண்ணப்பம் நான்கு வாரம் பொதுப் பதிவேட்டில் கிடக்கும். யாரும் கருத்துச் சொல்லலாம். அதிகாரி நேரில் வந்து பார்க்கவும் கூடும். வந்தால் நல்லது, கூடவே நடந்து கேள்வி கேளுங்கள், காசில்லாத ஆலோசனை. மொத்தம் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் தறிக்க வேண்டுமானால், இழுபறிக்கும் இடம் விட்டு, மே மாதத்தில் விண்ணப்பம் போயிருக்க வேண்டும், அதற்கான அளவெடுப்பு மார்ச்சில் முடிந்திருக்க வேண்டும்.

நீண்ட காலம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் தனி லைசென்ஸை விடப் பத்து வருடப் பராமரிப்புத் திட்டம் எழுதுவது மேல். கமிஷனின் படிவத்திலேயே எழுதலாம். ஏற்றுக்கொண்டால் பத்து வருடத் தறிப்புக்கும் ஒரே அனுமதி. திட்டம் எழுதுவதற்கு மானியம் வேண்டுமானால் காடு குறைந்தது மூன்று ஹெக்டேர், அதாவது சுமார் ஏழரை ஏக்கர் இருக்க வேண்டும். சிறு காணிக்காரர்கள் பக்கத்துக்காரரோடு சேர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

உயிரினங்களை மறந்துவிடாதீர்கள். ஹேசல் டோர்மவுஸ் என்ற சின்ன எலி கென்ட் காடுகளில் வாழ்கிறது. அதையும் வெளவால்களையும் அவற்றின் உறைவிடத்தையும் கெடுப்பது குற்றம், லைசென்ஸ் கையில் இருந்தாலும். பட்ஜர் வளைக்கு இருபது மீட்டர் அண்டிக் கனரக வாகனம் போக விடாதீர்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைக் கூட்டுக் காலம். வாளை எண்ணெய் போட்டு வையுங்கள்.

7. முதல் கூறைத் தறித்தல்

அரை ஏக்கருக்கு மேல் ஆசைப்படாதீர்கள். முழுக் காட்டையும் ஒரே வருடத்தில் வெட்டிச் சாய்த்தால் அடுத்த பதினைந்து வருடத்துக்கு எல்லாம் ஒரே வயதில் நிற்கும். ஏழெட்டுக் கூறாகப் பிரித்து இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று போவதே வழக்கம். கூறு மிகச் சிறிதாகவும் இருக்கக் கூடாது. வெயில் விழாது, மானும் முழுவதையும் தின்றுவிடும்.

நீங்களே தறிப்பதா, ஆளிடம் விடுவதா? முதல் குளிர்காலம் ஆளிடம் விட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பது புத்தி. கென்ட்டிலும் சசெக்ஸிலும் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல செஸ்ட்நட் என்றால் நின்ற நிலையிலேயே விலை பேசி அவர்களே காசு தருவார்கள். கோணல்மாணலாக முற்றிய காடு என்றால் நீங்கள் கொடுக்க வேண்டி வரும். இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். ஒரு பக்கத்திலாவது ஒப்பந்தம் எழுதுங்கள்: எந்தக் கூறு, நிறுத்தி வைக்க வேண்டிய மரங்கள் எவை, அடிக்கட்டை எவ்வளவு உயரம், கொப்புகளை என்ன செய்வது, தறிப்பை நிறுத்தும் தேதி, கட்டையை எடுத்து முடிக்கும் தேதி, பாதையைக் கெடுத்தால் திருத்துவது யார். அவருடைய காப்புறுதியின் நகலையும் வாங்குங்கள். நிறுத்தி வைக்கும் ஓக் மரங்களுக்கு வர்ணம் பூசி அடையாளம் போடுவது உங்கள் வேலை, வாய்ச்சொல்லில் விடாதீர்கள்.

நீங்களே செய்வதானால், சங்கிலி வாளுக்குப் பயிற்சியும் தேர்வும் ஆயிரம் பவுண்டை நெருங்கும். பாதுகாப்புக் காற்சட்டை, சப்பாத்து, தலைக்கவசம் எல்லாம் இன்னொரு முந்நூறு. சொந்தக் காட்டில் பொழுதுபோக்காகச் செய்பவருக்குச் சான்றிதழ் சட்டக் கட்டாயமில்லை என்பார்கள். காப்புறுதிக்காரர் கேட்கிற முதல் தாள் அதுதான். தனியாகத் தறிக்கவே கூடாது. மெல்லிய தண்டுகளுக்குக் கைவாளும் வளைந்த கொடுவாளும் தாராளம்.

வெட்டு தாழ்வாகவும், தண்ணீர் வெளிப்பக்கம் வழியும்படி சரிவாகவும் இருக்க வேண்டும். அடிக்கட்டையின் நடுவில் குழி விழுந்தால் தண்ணீர் நின்று அழுகும். பச்சை செஸ்ட்நட்டில் தோல் பதனிட உதவும் தோற்சாறு (டானின்) அதிகம். இரும்பில் பட்டதும் கருநீலமாகிவிடும். அரை மணி நேரத்தில் வாள் அலகும் விரல் ரேகையும் மை பூசியதுபோல நிற்கும். எலுமிச்சம்புளி போட்டுத் தேய்த்தால் ஓரளவு போகும். தறித்த கையோடு பிளந்துவிடுங்கள். பச்சையாக இருக்கும்போது நுனியில் ஆப்பை வைத்துத் தட்டினால் நேர்கோட்டில் விரியும்; காய்ந்தால் மல்லுக்கட்ட வேண்டும். அந்தத் தோற்சாறுதான் வேலிக் கம்பை மருந்து பூசாமலே பல வருடம் மண்ணில் நிற்க வைக்கிறது.

மே மாதம் துளிர் வரும்போது மானும் வரும். கொப்புகளை அடிக்கட்டை மேல் குவித்து வைப்பது காசில்லாத வழி, ஆனால் மான் பெருத்த இடத்தில் போதாது. 1.8 மீட்டர் வலைவேலி நிச்சயமான வழி. இந்தச் செலவைத் தறிக்குமுன்னே கணக்கில் வையுங்கள். ஒரு கோடை முழுக்க மான் தின்ற அடிக்கட்டை மறு வருடம் நோஞ்சானாகத்தான் எழும்பும்.

8. கட்டையை வெளியே எடுப்பது

தறிப்பது குளிர்காலத்தில் என்றாலும் வெளியே எடுப்பது அப்போது அல்ல. ஈரக் களியில் டிராக்டர் ஓடினால் விழுகிற தடம் வருடக்கணக்கில் ஆறாது. கூறின் ஓரத்தில் அடுக்கி வைத்து, ஆகஸ்ட், செப்டெம்பரில் தரை இறுகியபின் எடுங்கள். அல்லது நல்ல உறைபனி விழுந்த காலைகளில். பழைய மண்வரம்பு, கரி சுட்ட மேடை, மரம் அறுத்த வாள்குழி போன்றவை காட்டுக்குள் இருக்கும். வாகனம் அவற்றின் மேல் ஏறாதபடி நாடா கட்டிவிடுங்கள். பட்டியலிட்ட தொல்சின்னம் என்றால் அதைத் தொடுவதற்கே தனி அனுமதி.

9. கொட்டில், கூடாரம், கரவன்

வார இறுதியில் தங்க ஒரு சின்ன மரவீடு போடலாம் என்ற எண்ணத்தோடு காடு வாங்குகிறவர்கள் இப்போதே அதைக் கைவிடுங்கள். குடியிருக்க அனுமதி கிடைக்காது. கருவி வைக்கக் கொட்டில் போடலாம், காட்டு வேலைக்கு அது நியாயமாகத் தேவை என்றால். அதற்கும் முன்கூட்டியே கவுன்சிலுக்கு அறிவித்து, கட்டணம் செலுத்தி, 28 நாள் காத்திருந்து, அதன் பிறகே அத்திவாரம். கட்டிவிட்டு அறிவிப்பது செல்லாது. சோபாவும் அடுப்பும் உள்ள கொட்டிலைக் கருவிக் கொட்டில் என்று சொன்னால் அதிகாரி சிரிப்பார், பிறகு அகற்றச் சொல்லிக் கடிதம் வரும். கூறுபோட்டு விற்ற காடுகளில் சில கவுன்சில்கள் இந்தச் சலுகைகளைத் தனி ஆணை மூலம் நீக்கியும் வைத்திருக்கின்றன, வாங்குமுன் கேளுங்கள்.

எப்போதாவது கூடாரம் அடித்து ஒரு இரவு தங்குவதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. கரவனை இழுத்துவந்து நிரந்தரமாக விட்டால் அது வேறு கதை.

10. விறகு விற்பதானால்

இங்கிலாந்தில் 2021 மே முதல் வீட்டு அடுப்புக்காக 2 கன மீட்டருக்குக் குறைவாக விறகு விற்றால் ஈரம் 20 சதவீதமோ அதற்குக் குறைவோ இருக்க வேண்டும், "ரெடி டு பேர்ன்" சான்றும் வேண்டும். அதற்கு மேற்பட்ட அளவில் விற்றால் எப்படி உலர்த்துவது என்ற குறிப்பை வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் அறிவித்து இருபது மூட்டை விற்பதற்கும் இதே சட்டம். செஸ்ட்நட் அடுப்பில் பொறி தெறிக்கும், அதனால் விறகுக்கு அவ்வளவு மதிப்பில்லை. வேலிக் கம்பாக விற்பதுதான் காசு. வணிக நோக்கில் நடத்தும் காட்டில் நின்ற மரத்தை விற்று வரும் இலாபத்துக்கு வருமான வரி இல்லை. பொழுதுபோக்கா, வணிகமா என்று கேள்வி வரும்போது காட்ட ரசீதுகள் வேண்டும். முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்.

அந்தக் கோப்பிலேயே லைசென்ஸின் முதல் பக்கத்தை மேலே வைத்து, காலாவதியாகும் தேதியைச் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள். தறித்து முடியாத கூறு மிச்சமிருந்தால், அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாக அடுத்த விண்ணப்பத்தின் அளவெடுப்பைத் தொடங்க வேண்டும்.